ஜாஸ் கலைஞர் என்ன வேலை செய்கிறார்?

நண்பர் ஒருவருக்கு முதல்முறையாக ஜாஸ் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "ஆளாளுக்குத் தோன்றியதை வாசிக்கிறார்கள், கடைசியில் எப்படியோ எல்லோரும் ஒன்றாக முடிக்கிறார்கள்" என்றார். அந்த "எப்படியோ"வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜாஸ் கலைஞர்களைப் பற்றி நாம் போகிற போக்கில் சொல்லும் மூன்று விஷயங்கள் உண்டு. அவர்கள் தோன்றியதை வாசிக்கிறார்கள். மெட்டு எழுதுவது அதோடு சம்பந்தமில்லாத வேறு வேலை. மேடை கிடைக்காதவர்தான் வாத்தியார் ஆகிறார். மூன்றுமே தப்பு. முதல் தப்பிலிருந்துதான் மற்ற இரண்டும் முளைக்கின்றன என்பது என் கட்சி. அதனால் முதலாவதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

பேசுகிற மாதிரிதான்

இன்று யாரிடம் என்ன வாக்கியம் பேசப்போகிறோம் என்று காலையில் எழுந்ததும் யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் வாக்கியம் வருகிறது, "அவர்" என்று தொடங்கினால் "வந்தார்" என்று சரியாகப் போய் முடிகிறது. வாக்கியம் புதிது. சொற்களும் இலக்கணமும் பல வருடப் பழக்கம். நம் மொழி தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டால், அவருக்கு இதெல்லாம் வாயில் வந்த சத்தம்தான்.

ஜாஸில் இப்படி அந்த நேரத்தில் கட்டி வாசிப்பதை இம்ப்ரொவைசேஷன் என்கிறார்கள். நமக்குப் பழக்கமான சொல் மனோதர்மம், இனி அதையே பயன்படுத்துகிறேன். கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடும்போது, "என்னவோ தோன்றியதைப் பாடுகிறார்" என்று எந்த ரசிகரும் சொல்ல மாட்டார். ராகம் தாண்டக்கூடாது, தாளத்தில் எடுத்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜாஸிலும் அப்படிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு பெரிய வித்தியாசம்: கச்சேரியில் ராகம் அசையாமல் நிற்கும், அதன்மேல் பாடகர் நடமாடுவார். ஜாஸில் தரையே நகர்ந்துகொண்டிருக்கும். வாசிப்பவர் விழாமல் அதோடு நடக்க வேண்டும்.

நகரும் தரை

அந்தத் தரையின் பெயர் கார்ட். மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலித்தால் அது ஒரு கார்ட். பியானோவோ கிட்டாரோ அதை வாசிக்கும். பாட்டு நகர நகர கார்டுகள் மாறும், எந்த இடத்தில் எது வரும் என்பது முன்பே முடிவானது.

நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சிறு துண்டுக்கு "பார்" என்று பெயர். ஜாஸ் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும் பழைய அமெரிக்கப் பாடல்களில் ஏராளமானவை 32 பார் நீளம். எட்டுப் பார் கொண்ட ஒரு பகுதி இரண்டு முறை வரும். பிறகு பிரிட்ஜ் என்னும் மாறுபட்ட எட்டுப் பார். பிறகு முதல் பகுதி மறுபடியும். இந்த 32 பார் முழுவதும் ஒருமுறை ஓடி முடிந்தால் ஒரு கோரஸ். ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பாரிலேயே சுற்று முடிந்துவிடும். எல்லா ஜாஸ் கலைஞர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் பாடலுக்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர்.

முதலில் மெட்டை அப்படியே ஒரு கோரஸ் வாசிப்பார்கள். அப்புறம் மெட்டு நின்றுவிடும், கார்டுகள் மட்டும் அதே வரிசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவராக அந்தச் சுற்றின்மேல் புதிய மெட்டு கட்டுவார்கள். முடிவில் பழைய மெட்டு திரும்ப வரும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 200 எண்ணிக்கை வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஜாஸில் இது பெரிய வேகமில்லை. 32 பாருக்கு 128 எண்ணிக்கை, அதாவது ஒரு கோரஸ் சுமார் 38 விநாடி. பாருக்கு ஒரு கார்ட் என்றால் 1.2 விநாடிக்கு ஒருமுறை தரை மாறுகிறது. யோசித்து வாசிக்க அங்கே நேரம் இல்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: நண்பருக்குக் குழப்பமாகக் கேட்டதன் அடியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எண்ணிக்கையைத் தொலைக்கவில்லை. அதனால்தான் ஒன்றாக முடித்தார்கள்.

ஸவும் மவும்

ஒரே ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் போதும்.

மூன்று கார்டுகள். முதலாவது ரி, ம, த, ஸ. இரண்டாவது ப, நி, ரி, ம. மூன்றாவது ஸ, க, ப, நி. இரண்டாவது ஸ்வரத்திலும் ஐந்தாவதிலும் முதலாவதிலும் எழுப்பிய கார்டுகள் என்பதால் இந்த வரிசையை டூ-ஃபைவ்-ஒன் என்பார்கள். ஸ்டாண்டர்ட் பாடல்களில் திரும்பிய பக்கமெல்லாம் இது இருக்கும்.

இப்போது முதல் கார்டில் உள்ள ஸவையும் மவையும் மட்டும் கவனியுங்கள். இரண்டாவது கார்ட் வரும்போது ம அப்படியே நிற்கிறது. ஸ மட்டும் அரை ஸ்வரம் இறங்கி நி ஆகிறது. மூன்றாவது கார்டில் நி நிற்கிறது, ம அரை ஸ்வரம் இறங்கி க ஆகிறது. அவ்வளவுதான். ஒன்று அசையாமல் நிற்க இன்னொன்று ஒரு படி இறங்குகிறது, பிறகு அது நிற்க மற்றது இறங்குகிறது. ஹார்மோனியமோ கீபோர்டோ கையில் இருந்தால் இந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். கார்டுகளே இல்லாமல் அவை மாறுவது கேட்கும்.

கைதேர்ந்த ஒருவர் வேகமாக நூறு ஸ்வரங்களைக் கொட்டும்போதும், கார்ட் மாறும் கணத்தில் அவர் விரல் பெரும்பாலும் இப்படியொரு ஸ்வரத்தில் போய் இறங்கும். சில நேரம் வேண்டுமென்றே இறங்காமல் இழுத்தடிப்பார், அதுவும் இது தெரிந்ததால்தான். 1.2 விநாடிக்குள் இது காதுக்கும் கைக்கும் தெரிந்திருக்க வேண்டும், 12 சுருதிகளிலும். பாடகர் வந்து வேறு சுருதி கேட்டால் "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்ல முடியாது.

பகலில் நடப்பது

ஆக, ஜாஸ் கலைஞரின் பெரும்பகுதி வேலை யாரும் பார்க்காத இடத்தில் நடக்கிறது. பழைய பதிவுகளை விநாடி விநாடியாகக் கேட்டு, ஒருவர் மனோதர்மமாகத் தனியே வாசித்ததை ஸ்வரம் பிசகாமல் காதால் எடுப்பது அதில் முக்கியமானது. இதற்கு டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். மூன்று நிமிடப் பதிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

சோனி ராலின்ஸ் கதை இதற்குப் பெயர்பெற்றது. 1959இல் அவர் ஏற்கெனவே பெரிய சாக்ஸபோன் கலைஞர். ஆனால் தன் வாசிப்பில் அவருக்கே திருப்தியில்லை. மேடையை விட்டு விலகினார். நியூயார்க்கில் அவர் இருந்த அடுக்குமாடி வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் வாசிக்க முடியவில்லை. அருகில் இருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போனார். 1961 வரை, மழையோ பனியோ, மணிக்கணக்காக அங்கே நின்று பயிற்சி செய்தார். கீழே படகு, பக்கத்தில் ரயில். கூட்டத்தின் கைதட்டலைப் பெற்ற ஒருவர், புகழின் நடுவில், சம்பளமில்லாமல் இரண்டு வருடம் செய்த வேலை இது.

இரவில் நடப்பது

மேடை நிகழ்ச்சிக்கு கிக் என்று பெயர். கிளப், திருவிழா மேடை மட்டுமில்லாமல் கல்யாண வரவேற்பு, உணவக மூலை, கப்பல் எல்லாமே கிக்தான். பலருக்கு மாத வாடகை வருவது இந்த இரண்டாவது வகையிலிருந்து.

ஒத்திகை பெரும்பாலும் இருக்காது. தலைவர் ஆளுக்கொரு தாளை நீட்டுவார். அதன் பெயர் லீட் ஷீட். ஒரே பக்கம்: மேலே மெட்டு, அதன் தலையில் கார்டுகளின் பெயர்கள். பியானோக்காரர் அந்தக் கார்டை எந்த இடத்தில், எப்படிப் பிரித்து வாசிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. பாஸ் வாசிப்பவருக்குத் தனியாக ஒரு ஸ்வரம்கூட எழுதியிருக்காது. டிரம்ஸுக்குக் கேட்கவே வேண்டாம். பெயரையும் சுருதியையும் சொல்லிவிட்டு, விரலைச் சொடுக்கி நான்கு எண்ணினால் பாட்டு தொடங்கிவிடும். பிரிட்ஜ் வரும்போது தலைவர் ஒரு பார்வை பார்ப்பார். தன் தலையைத் தொட்டால் "மெட்டுக்குத் திரும்புவோம்" என்று அர்த்தம், ஏனென்றால் மெட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஹெட். இதற்குமுன் சந்தித்தே இராத நான்கு பேர் இப்படி ஒரு மாலை முழுவதும் வாசித்துவிட முடியும்.

தன் பெயரில் நிகழ்ச்சி நடத்துபவர் லீடர், அவருக்காக வந்து வாசிப்பவர் சைட்மேன். சைட்மேனுக்குப் பேசிய தொகை உண்டு. சில கிளப்புகளில் லீடருக்கு நுழைவுச் சீட்டு வசூலில் ஒரு பங்குதான், கூட்டம் வராவிட்டால் சைட்மேனுக்குக் கைக்காசைக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்க்க லீடர்தான் முதலாளி!

சட்டமும் குறுக்கே வந்திருக்கிறது. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க வேண்டுமானால் காவல்துறை தரும் அனுமதி அட்டை வேண்டும். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அதை இழந்தார். ஆறு வருடம், தான் வாழ்ந்த ஊரின் கிளப்புகளில் அவரால் முறையாக வாசிக்க முடியவில்லை. பதிவு செய்தார், மெட்டு எழுதினார். 1957இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் என்ற சிறிய கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார், அவர் பெயர் எங்கும் பரவியது.

மெட்டு ஏன் எழுதுகிறார்கள்?

இரண்டாவது தப்புக்கு வருவோம். வாசிப்பதும் எழுதுவதும் வேறு வேறு வேலையா?

மேடையில் 38 விநாடிக்குள் செய்வதையே மேசையில் உட்கார்ந்து, அழித்து அழித்துச் செய்தால் அது மெட்டு எழுதுவது. அதே ஸவும் மவும்தான், நேரம் மட்டும் தாராளம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றில்லை. ஒரு படைப்பு பயன்படும் ஒவ்வொரு முறையும் அதன் உரிமையாளருக்குச் சேரும் தொகை ராயல்டி. மனோதர்மமாக வாசித்ததற்கு இசையமைப்பாளர் ராயல்டி கிடையாது.

கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1939இல் "பாடி அண்ட் சோல்" என்ற ஸ்டாண்டர்டைப் பதிவு செய்தார். மூன்று நிமிடம், இரண்டு கோரஸ், 64 பார். மெட்டைத் தொடக்கத்தில் லேசாகத் தொட்டுவிட்டு மீதி முழுவதையும் அவரே கட்டினார். இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வாசிப்பு அது. ஆனாலும் அந்தப் பதிவில் இசையமைப்பாளர் ஜானி க்ரீன்தான். காரணம், பாட்டு அவருடையது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் எழுதப்படுகிறது. இன்னொன்று: அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பதிவை ஒலிபரப்பினால் பாட்டை எழுதியவர் தரப்புக்குப் பணம் போகும், அதில் வாசித்தவருக்குப் போகாது.

கலைஞர்கள் சும்மா இருப்பார்களா? காப்புரிமை மெட்டுக்கு உண்டு, கார்ட் வரிசைக்கு வழக்கத்தில் இல்லை. அதனால் பழைய பாட்டின் கார்டுகளை வைத்துக்கொண்டு மேலே சொந்த மெட்டைப் போட்டார்கள். 1945இல் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதிவு செய்த "கோகோ"வின் அடியில் ஓடுவது ரே நோபிள் எழுதிய "செரோக்கி"யின் கார்டுகள். முதல் முயற்சியில் அவர்கள் செரோக்கியின் மெட்டையே வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் துண்டின் பதிவும் இருக்கிறது. அடுத்த முயற்சியில் பழைய மெட்டு காணாமல் போய்விட்டது. பணம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். புது மெட்டு அவர்களுடைய புதிய பாணிக்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் பணமும் ஒரு காரணம்.

சொந்த மெட்டு ஒன்று பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பால் டெஸ்மண்ட் சாட்சி. டேவ் ப்ரூபெக் குழுவின் சாக்ஸபோன் கலைஞர். பாருக்கு நான்குக்குப் பதிலாக ஐந்து எண்ணிக்கை வரும் "டேக் ஃபைவ்" அவர் எழுதியது, 1959இல் வெளிவந்தது. பலர் அதை ப்ரூபெக்கின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1977இல் இறந்தபோது டெஸ்மண்ட் அதன் வருமானத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். டியூக் எலிங்டனோ, தன் பாட்டுகளிலிருந்து வந்த ராயல்டியைப் போட்டுத்தான் பல வருடம் தன் ஆர்க்கெஸ்ட்ராவைக் கலைக்காமல் காப்பாற்றினார். எழுதியதை அடுத்த நாளே வாசித்துக் காட்ட ஆட்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சுருக்கமாக: வாசிப்பதற்கு அன்றைய கூலி, எழுதியதற்குப் பின்னால் வரும் ராயல்டி. மூளையில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்று.

வாத்தியார் வேலை

மேடை கிடைக்காதவர் வாத்தியார் ஆகிறார் என்ற பேச்சு எனக்கு எரிச்சல் தருவது. ஜாஸ் காதால் பரவிய கலை. தெரிந்தவர் சொல்லிக் கொடுக்காமல் அது வளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் என்றால் இசைக்குழுதான். டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி, 1950களிலிருந்து 1990இல் இறக்கும்வரை ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவை நடத்தினார். இளைஞர்களைச் சேர்ப்பார், அவர்களையே மெட்டு எழுத வைப்பார், தேறியதும் அவர்கள் தனியே போவார்கள், அடுத்த இளைஞர் வருவார். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், வின்டன் மார்சாலிஸ் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். இன்னொரு பள்ளிக்கூடம் ஜாம் செஷன், அதாவது முன்னேற்பாடில்லாமல் கூடி வாசிக்கும் இரவு. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற கிளப்பில் நடந்தவை புகழ்பெற்றவை. மேடையேறி எண்ணிக்கையைத் தொலைத்தால் எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். கொஞ்சம் கொடூரமான வகுப்பறை.

பியானோ கலைஞர் லென்னி ட்ரிஸ்டானோவின் முறையைச் சொல்ல வேண்டும். பழைய மேதைகள் தனியே வாசித்தவற்றை முதலில் வாயால் பாடச் சொல்வார். வாத்தியத்தைத் தொடுவது அப்புறம்தான். விரல் பழக்கத்தில் ஓடிவிடும், பாடும்போது ஏமாற்ற முடியாது. பேச்சு என்று தொடங்கினோமே, குழந்தை எழுதப் படிப்பதற்கு முன்பே பேசிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகள் பிறகு வந்தன. பாஸ்டனில் இன்று பெர்க்லி என்று அறியப்படும் கல்லூரி 1945இல் தொடங்கியது. டெக்சாஸில் இன்றைய நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1947இல் பட்டப்படிப்பாகவே வைத்தது, அப்போது அதற்கு நடன இசைக்குழுப் படிப்பு என்று பெயர். ஜாஸ் என்ற சொல்லுக்குக் கல்லூரியில் அவ்வளவு மரியாதை! 1977இல் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனார். தன் ஹார்லெம் வீட்டில் மங்க் போன்றவர்களை உட்காரவைத்து இசை பேசியவர், மேடையில் முன்பே பெயர் வாங்கியவர். இன்னொரு பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் வாரந்தோறும் வகுப்பு நடத்தினார். 2021இல், 91 வயதில் இறந்தார்.

பணரீதியாகப் பார்த்தால் கற்பித்தல்தான் பலருக்கு மாதாமாதம் வரும் ஒரே வருமானம். அதிலும் பாடத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. அவர்களுக்குப் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு சேராது, அமெரிக்காவில் அது பெரிய விஷயம். 1993இல் நியூஜெர்சியின் இங்கிள்வுட் மருத்துவமனையில் கடைசி நாட்களைக் கழித்த டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, காசில்லாத ஜாஸ் கலைஞர்களுக்கு அங்கே சிகிச்சை கிடைக்க வழிசெய்யும்படி கேட்டுக்கொண்டார். ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்போடு சேர்ந்து அந்த மருத்துவமனை அதைச் செய்துவருகிறது.

கேட்டுப் பார்க்க

படித்தது காதில் ஏற வேண்டுமானால் "பாடி அண்ட் சோல்" போதும். முதலில் யாராவது ஒருவர் மெட்டை நேராகப் பாடிய பதிவை, உங்களுக்கு முணுமுணுக்க வரும்வரை இரண்டு மூன்று தடவை கேளுங்கள். பிறகு ஹாக்கின்ஸின் 1939 பதிவைப் போட்டு, அதோடு கூடவே அந்த மெட்டை வாய்க்குள் பாடுங்கள். அவர் வாசிப்பதும் நீங்கள் பாடுவதும் வேறாக இருக்கும், ஆனால் மோதாது. நடுவில் தொலைந்துபோனால் பிரிட்ஜுக்காகக் காத்திருங்கள். அங்கே பாட்டு மொத்தமும் அரை ஸ்வரம் மேலே ஏறும், விளக்கை மாற்றிப் போட்ட மாதிரி. அந்த இடத்திலிருந்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம். என் நண்பருக்கு மூன்றாவது தடவையில் பிடிபட்டது. கோரஸ் முடிய நான்கு பார் இருக்கும்போதே மேசையில் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார்.